கோடு கீறினால் தீருமா?

ஒரு நாட்டை இன, மத அடிப்படையில் பிரிப்பதில் உள்ள சிக்கல்கள்

(க.பொ.த. உயர்தரம், கலைப்பிரிவு)

"சேர்ந்து வாழ முடியாவிட்டால் பிரிந்து வாழ வேண்டியதுதானே!"

ஒரு நாட்டில் இரண்டு இனத்தவருக்கோ இரண்டு மதத்தவருக்கோ இடையில் பிணக்கு முற்றும்போதெல்லாம் இந்த வார்த்தை எங்காவது ஓரிடத்தில் ஒலிக்கிறது. ஈராக்கில் சுன்னிகள், ஷீயாக்கள், குர்தியர்கள் இடையே மோதல் மூண்டபோது, அந்த நாட்டை மூன்றாகப் பிரித்துவிடலாம் என்று வெளிநாட்டு ஆய்வாளர்கள் சிலர் எழுதினார்கள். எமது அரசறிவியல் வகுப்பில் இது பற்றி விவாதம் வந்தபோது தோழியர் பலரும் இதையே தீர்வாகச் சொன்னார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. நானாவும் தம்பியும் ஒத்துப்போகாவிட்டால் காணியைப் பங்கு பிரித்து நடுவில் வேலி போடுவதில்லையா?

ஆனால் இந்த உவமானத்தில் ஒரு பிழை உண்டு. காணியில் வேலி போட்டதும் நானா ஒரு பக்கமும் தம்பி மறுபக்கமும் போய்விடலாம். ஒரு நாட்டிலோ இருவரும் ஒரே வீட்டின் எல்லா அறைகளிலும் கலந்து குடியிருக்கிறார்கள். கிணறு ஒரு பக்கம், குசினி மறு பக்கம், உம்மாவின் கப்ரு இன்னொரு பக்கம். அப்போது வேலியை எங்கே போடுவது?

இந்தக் கேள்விக்கு வரலாற்றில் மிக விரிவான பதில் 1947 ஆம் ஆண்டு இந்தியப் பிரிவினையில் இருக்கிறது. அந்தப் பிரிவினையை வைத்துக்கொண்டு, ஒரு நாட்டை இன, மத அடிப்படையில் பிரிக்கும்போது என்னென்ன சிக்கல்கள் எழுகின்றன என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பிரிவினை கேட்டவர்கள் கெட்டவர்கள், எதிர்த்தவர்கள் நல்லவர்கள் என்று தீர்ப்புச் சொல்வது எனது நோக்கமல்ல.

ஏன் பிரிவினை கேட்கப்பட்டது?

பிரித்தானியர் ஆண்ட இந்தியாவில் முஸ்லிம்கள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர். தேர்தல் முறையில் ஆட்சி அமைந்தால் தாம் எக்காலமும் சிறுபான்மையினராகவே இருந்துவிடுவோம் என்ற அச்சம் அவர்களில் பலருக்கு இருந்தது. இந்த அச்சத்தை வெறும் கற்பனை என்று ஒதுக்கிவிட முடியாது. சிறுபான்மையாக வாழ்பவர்களுக்கு அது விளங்கும். 1940 மார்ச்சில் லாகூரில் கூடிய முஸ்லிம் லீக் மாநாடு, முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் வடமேற்கு, கிழக்குப் பகுதிகள் தனி அரசுகளாக வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது. எல்லா முஸ்லிம்களும் இதை ஏற்கவில்லை. மௌலானா அபுல் கலாம் ஆஸாத், கான் அப்துல் கபார் கான் போன்றோர் இறுதிவரை எதிர்த்தனர்.

இந்தியாவை ஒன்றாக வைத்துக்கொண்டே மாகாணங்களுக்குக் கூடிய அதிகாரம் வழங்கும் திட்டம் ஒன்று 1946 இல் முன்வைக்கப்பட்டது. அது தோல்வியடைந்தது. அதே ஆண்டு ஒகஸ்ட் 16 ஆம் திகதி கல்கத்தாவில் தொடங்கிய கலவரம் நவகாளி, பீகார் என்று பரவி, 1947 மார்ச்சில் பஞ்சாபையும் பிடித்துக்கொண்டது. 1948 ஜூனுக்குள் வெளியேறப் போவதாக அறிவித்திருந்த பிரித்தானியா, பின்னர் அந்தத் திகதியை 1947 ஒகஸ்ட் 15 என்று முற்படுத்தியது.

இங்கேதான் முதலாவது முடிச்சு விழுந்தது. முழு இந்தியாவிலும் முஸ்லிம்கள் சிறுபான்மையினர், ஆகவே அவர்களுக்குத் தனி நாடு வேண்டும் என்பது நியாயமானால், பஞ்சாபில் சிறுபான்மையினரான இந்துக்களுக்கும் சீக்கியருக்கும் அதே நியாயம் பொருந்தாதா? பிரித்தானிய பஞ்சாபில் முஸ்லிம்கள் நூற்றுக்கு 57 வீதம். சீக்கியர் சுமார் 13 வீதம். மீதியில் பெரும்பாலோர் இந்துக்கள். வங்காளத்தில் முஸ்லிம்கள் சுமார் 55 வீதம். அங்கு வாழ்ந்த இந்துக்களும் அதையே கேட்டார்கள். இந்த இரு மாகாணங்களும் துண்டாடப்படுவதை ஜின்னா விரும்பவில்லை. ஆனால் அவர் முன்வைத்த வாதமே அவரிடம் திரும்பி வந்தது. அச்சம் என்ற காரணத்துக்காக ஒரு நாட்டைப் பிரித்தால், பிரித்த துண்டுக்குள்ளும் அஞ்சுபவர்கள் இருப்பார்கள். அவர்களும் தமக்கொரு துண்டு கேட்பார்கள். எங்கே நிறுத்துவது என்பதைச் சொல்ல அந்தக் கொள்கைக்குள் எந்த அளவுகோலும் இல்லை.

ஐந்து வாரங்களில் ஓர் எல்லை

எல்லையைத் தீர்மானிக்கும் பொறுப்பு சிரில் றட்கிளிஃப் என்ற ஆங்கிலேயச் சட்டத்தரணியிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் அதற்கு முன் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. வராததே அவரது தகுதி என்று கருதினார்கள். எவர் பக்கமும் சாராதவர் அல்லவா! 1947 ஜூலை 8 ஆம் திகதி அவர் டில்லியில் வந்திறங்கியபோது சுதந்திரத்துக்கு இன்னும் ஐந்து வாரங்களே இருந்தன. பஞ்சாபுக்கு ஓர் ஆணைக்குழு, வங்காளத்துக்கு ஓர் ஆணைக்குழு. இரண்டிலும் காங்கிரஸ் முன்மொழிந்த இரு நீதிபதிகள், முஸ்லிம் லீக் முன்மொழிந்த இரு நீதிபதிகள். இரண்டுக்கும் தலைவர் றட்கிளிஃப். நீதிபதிகள் இரண்டுக்கு இரண்டாகப் பிளவுபட்டு நின்றதால் முடிவு முழுவதும் ஒரே மனிதரின் பேனா முனைக்கு வந்து சேர்ந்தது. சுமார் 8 கோடி 80 இலட்சம் மக்கள் வாழ்ந்த நிலப்பரப்பு அது.

அவருக்குத் தரப்பட்ட அறிவுறுத்தல் என்ன? முஸ்லிம்களும் முஸ்லிம் அல்லாதோரும் பெரும்பான்மையாகவும் தொடர்ச்சியாகவும் வாழும் பகுதிகளைக் கண்டறிந்து எல்லை வகுக்க வேண்டும், அவ்வாறு செய்கையில் "ஏனைய காரணிகளையும்" கவனிக்க வேண்டும் என்பதே. அந்த ஏனைய காரணிகள் எவை என்று எவரும் அவருக்கு வரையறுத்துச் சொல்லவில்லை.

பெரும்பான்மை என்றால் எதில் பெரும்பான்மை?

கணக்குப் பாடத்தில் பெரும்பான்மை என்பது மிக எளிது. 50 ஐத் தாண்டினால் போதும். ஆனால் எந்த அலகை எடுத்து எண்ணுவது? மாகாணத்தையா, மாவட்டத்தையா, மாவட்டத்துக்குள் இருக்கும் தாசிலையா, கிராமத்தையா? (தாசில் என்பது ஏறத்தாழ எமது பிரதேச செயலாளர் பிரிவு போன்றது.) அலகு மாறினால் விடையும் மாறிவிடும்.

பஞ்சாபின் குர்தாஸ்பூர் மாவட்டம் இதற்கு நல்ல உதாரணம். 1941 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அங்கு முஸ்லிம்கள் 51 வீதத்துக்குச் சற்றே மேல். மாவட்டத்தை எண்ணினால் அது பாகிஸ்தானுக்கு. ஆனால் அதன் நான்கு தாசில்களில் பதான்கோட்டில் இந்துக்களே பெரும்பான்மை. இறுதியில் ராவி ஆற்றுக்கு மேற்கே இருந்த ஷகர்கர் தாசில் மாத்திரம் பாகிஸ்தானுக்குப் போனது. முஸ்லிம் பெரும்பான்மை கொண்ட குர்தாஸ்பூர், பட்டாலா தாசில்கள் உட்பட மற்ற மூன்றும் இந்தியாவுக்குக் கிடைத்தன. காஷ்மீருக்குப் போகும் பாதை அவ்வழியே அமைந்திருந்ததால், இந்த முடிவு பற்றிய சந்தேகமும் சர்ச்சையும் இன்றுவரை ஓயவில்லை.

வங்காளத்திலும் இதே கதைதான். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த முர்ஷிதாபாத் மாவட்டம் இந்தியாவுக்கு வழங்கப்பட்டது. இந்துக்கள் மயிரிழையில் பெரும்பான்மையாக இருந்த குல்னா மாவட்டம் கிழக்குப் பாகிஸ்தானுக்குப் போனது. சுதந்திர தினத்தன்று முர்ஷிதாபாத்தில் பாகிஸ்தான் கொடியும் குல்னாவில் இந்தியக் கொடியும் ஏற்றப்பட்டன. ஏனென்றால் அறிக்கை தயாராக இருந்தும் அது ஒகஸ்ட் 17 ஆம் திகதிதான் வெளியிடப்பட்டது. இலட்சக்கணக்கான மக்கள் தாம் எந்த நாட்டின் பிரசைகள் என்று தெரியாமலே இரண்டு நாட்கள் சுதந்திரம் கொண்டாடினார்கள். பின்னர் கொடிகள் இறக்கப்பட்டு மாற்றப்பட்டன.

சிட்டகொங் மலைப்பிரதேசத்தின் கதை இன்னும் விசித்திரமானது. அங்கு வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் பௌத்தர்களான மலைவாழ் மக்கள். முஸ்லிம்கள் நூற்றுக்கு மூன்று வீதம் அளவிலேயே இருந்தனர். ரங்காமாட்டி நகரில் இந்தியக் கொடி ஏற்றப்பட்டது. எனினும் அந்த மலைகள் சிட்டகொங் துறைமுகத்தின் பின்னிலம் என்பதால் பாகிஸ்தானுக்கு அளிக்கப்பட்டன. அங்கே "ஏனைய காரணி" 97 வீதத்தையும் வென்றுவிட்டது.

எண்ணிக்கை ஒருபுறம், உரிமை மறுபுறம் என்ற பிரச்சினையும் எழுந்தது. லாகூர் மாவட்டத்தில் முஸ்லிம்கள் சுமார் 60 வீதம். ஆனால் நகரத்தின் வர்த்தகமும் சொத்துக்களும் பெருமளவு இந்துக்களிடமும் சீக்கியரிடமும் இருந்தன. ஒரு நகரம் அதில் வசிப்பவர்களுக்கு உரியதா, அதைக் கட்டியெழுப்பியவர்களுக்கு உரியதா? சீக்கியரின் முதற் குரு குருநானக் பிறந்த நன்கானா சாஹிப், முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த பகுதியில் இருந்தது. ஒரு மார்க்கத்தின் புனிதத் தலத்தைத் தலைகளை எண்ணித் தீர்மானிக்கலாமா? பாகிஸ்தானுக்கு வேறு பெரிய நகரம் இல்லாமற் போய்விடும் என்பதாலேயே லாகூரை அந்தப் பக்கம் கொடுத்ததாக றட்கிளிஃப் பிற்காலத்தில் பத்திரிகையாளர் குல்தீப் நய்யாரிடம் கூறியிருக்கிறார். இன்னும் எல்லைக்கு மிக அருகில் இருக்கும் கர்த்தார்பூர் குருத்துவாராவை, இந்தியச் சீக்கியர்கள் பல்லாண்டு காலம் தூரதரிசினி வைத்தே பார்த்து வணங்கினார்கள். அங்கு விசாவின்றிச் செல்வதற்கான பாதை 2019 நவம்பர் 9 ஆம் திகதிதான் திறக்கப்பட்டது. நாலைந்து கிலோமீற்றர் தூரத்தைக் கடக்க 72 ஆண்டுகள் சென்றன.

ஆற்றுக்கு மதம் இல்லை

நிலம் என்பது அதில் வசிக்கும் மக்கள் மாத்திரமல்ல. வாய்க்கால், புகையிரதப் பாதை, துறைமுகம், தொழிற்சாலை, சந்தை எல்லாம் சேர்ந்ததே ஒரு நாடு. இவை ஒரு நாட்டை ஒன்றாக நினைத்துக் கட்டப்பட்டவை.

பஞ்சாபின் வயல்கள் உலகின் மிகப் பெரிய நீர்ப்பாசன வாய்க்கால்களில் தங்கியிருந்தன. எல்லை வந்தபோது மாதோபூர், பிரோஸ்பூர் ஆகிய இடங்களில் இருந்த தலைமதகுகள் இந்தியப் பக்கம் விழுந்தன. அவற்றிலிருந்து நீர் பெறும் வயல்களோ பாகிஸ்தான் பக்கம். தற்காலிக உடன்பாடு காலாவதியானதும் 1948 ஏப்ரல் 1 ஆம் திகதி இந்தியப் பஞ்சாப் தண்ணீரை நிறுத்தியது. விதைத்தவனின் வயல் ஒரு நாட்டில், அதன் மதகு இன்னொரு நாட்டில். பின்னர் உலக வங்கியின் மத்தியஸ்தத்துடன் 1960 செப்டெம்பர் 19 ஆம் திகதி சிந்து நதி நீர் ஒப்பந்தம் கைச்சாத்தாகியது. ராவி, பியாஸ், சட்லஜ் ஆகிய மூன்றும் இந்தியாவுக்கு. சிந்து, ஜீலம், செனாப் ஆகிய மூன்றும் பாகிஸ்தானுக்கு. யுத்தங்களின்போதும் நிலைத்த அந்த ஒப்பந்தத்தை இடைநிறுத்தி வைப்பதாக 2025 ஏப்ரலில் இந்தியா அறிவித்தது. பிரிவினையின் தண்ணீர்க் கணக்கு இன்னும் முடியவில்லை.

வங்காளத்தில் சணல் விளைந்தது கிழக்கில். சணல் ஆலைகள் எல்லாம் கல்கத்தாவைச் சுற்றி, மேற்கில். ஒரே இரவில் ஒரு நாட்டுக்கு ஆலையில்லாத சணலும் மறு நாட்டுக்குச் சணலில்லாத ஆலையும் சொந்தமாயின.

அரசாங்கச் சொத்துக்களும் பங்கிடப்பட்டன. கையிருப்புப் பணமும் கடனும் இந்தியாவுக்கு 82.5 வீதம், பாகிஸ்தானுக்கு 17.5 வீதம் என்று பிரிந்தன. மேசை, கதிரை, தட்டச்சுப் பொறி வரை எண்ணிப் பிரித்தார்கள். மொகஞ்சதாரோவில் கண்டெடுக்கப்பட்ட புராதனக் கழுத்தணி ஒன்றைக்கூட மணிகளாகக் கழற்றி இரு நாடுகளுக்கும் பங்கு வைத்தார்கள். நாலாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட அந்த மாலையைக் கோத்தவர் இந்துவும் அல்லர், முஸ்லிமும் அல்லர்.

கோட்டின் தவறான பக்கத்தில் நின்றவர்கள்

எந்த இடத்தில் கோடு கீறினாலும் அதன் தவறான பக்கத்தில் சிலர் அகப்படுவார்கள். அவர்களுக்கு மூன்று வழிகளே உண்டு. பயந்து வாழ்வது, ஓடிப்போவது, அல்லது கொல்லப்படுவது. 1947 இல் ஒரு கோடிக்கும் அதிகமானோர் இடம்பெயர்ந்தனர். இறந்தவர்களின் தொகையை இரண்டு இலட்சம் என்போரும் உண்டு, பத்து இலட்சத்துக்கு மேல் என்போரும் உண்டு. முஸ்லிம்களை இந்துக்களும் சீக்கியரும் கொன்றார்கள். இந்துக்களையும் சீக்கியரையும் முஸ்லிம்கள் கொன்றார்கள். எமது மார்க்கத்தவர் என்பதற்காக ஒரு பக்கத்தை மாத்திரம் எண்ணுவது நீதியாகாது.

பெண்கள் கல்லூரியொன்றின் சஞ்சிகையில் எழுதும்போது பெண்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கடத்தப்பட்டும் மானபங்கப்படுத்தப்பட்டும் போன பெண்களின் தொகை சுமார் 75,000 என்று மதிப்பிடப்படுகிறது. மானத்தைக் காப்பது என்ற பெயரில் சொந்தக் குடும்பத்து ஆண்களே தமது பெண்களைக் கொன்றதும் நடந்தது. தோவா கால்சா என்ற கிராமத்தில் சீக்கியப் பெண்கள் கூட்டமாகக் கிணற்றில் குதித்து மாண்டார்கள்.

அதன் பிறகு நடந்தது அதைவிடச் சிந்திக்கத் தக்கது. கடத்தப்பட்ட பெண்களை மீட்டுப் பரிமாறிக்கொள்ள இரு அரசுகளும் இணங்கின. இந்தியா 1949 இல் அதற்கென ஒரு சட்டமே இயற்றியது. சுமார் 30,000 பெண்கள் மீட்கப்பட்டனர். பலருக்கு அது விடுதலையாக அமைந்தது. ஆனால் அதற்குள் பிள்ளை பெற்றுப் புதிய குடும்பத்தோடு வாழத் தொடங்கியிருந்த பெண்களும் இருந்தார்கள். "நான் வர மாட்டேன்" என்று அவர்கள் சொன்னபோது அந்தச் சொல்லுக்குச் சட்டத்தில் இடமிருக்கவில்லை. முஸ்லிம் பெண் என்றால் பாகிஸ்தானுக்கு, இந்து, சீக்கியப் பெண் என்றால் இந்தியாவுக்கு. ஊர்வசி புட்டாலியா போன்ற ஆய்வாளர்கள் இந்தப் பெண்களின் வாய்மொழிகளைத் தேடித் தொகுக்கும்வரை வரலாற்றுப் புத்தகங்கள் இதைப் பற்றி அதிகம் பேசவில்லை. நாட்டை மதத்தால் பிரித்தவர்கள் மனிதர்களையும் அதே அளவுகோலால் பிரித்தார்கள். பெண்ணின் விருப்பம் அந்த அளவுகோலில் எழுதப்பட்டிருக்கவில்லை. மனநோயாளர் விடுதிகளில் இருந்தவர்கள்கூட மதவாரியாகப் பரிமாறப்பட்டார்கள். சதாத் ஹசன் மண்டோவின் "தோபா தேக் சிங்" என்ற புகழ்பெற்ற உருதுச் சிறுகதை அதைப் பற்றியதே.

இத்தனை இரத்தத்துக்கு நடுவிலும் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. கிழக்குப் பஞ்சாபில் ஏனைய இடங்களிலிருந்து முஸ்லிம்கள் ஏறக்குறைய முற்றாக வெளியேறியபோது, மலேர்கோட்லா என்ற சிறு சமஸ்தானத்தில் மாத்திரம் அவர்கள் பாதுகாப்பாக இருந்தார்கள். 1705 அளவில் சீக்கியரின் பத்தாவது குருவின் இளம் புதல்வர்களுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டபோது, அதை எதிர்த்துக் குரல் கொடுத்தவர் மலேர்கோட்லாவின் முஸ்லிம் நவாப். 240 ஆண்டுகளுக்குப் பின்னும் சீக்கியர் அந்த நன்றியை மறக்கவில்லை. அந்த ஊரைக் காத்தது அந்த நன்றி. றட்கிளிஃபின் கோட்டின்படி பார்த்தால் அது "தவறான" பக்கத்தில்தான் இருந்தது.

கோடு கோட்டோடு நிற்பதில்லை

பிரிவினையோடு பிரச்சினை முடிந்திருந்தால் இத்தனை விலையும் ஒரு தீர்வுக்காகக் கொடுக்கப்பட்டது என்றாவது ஆறுதல் கொள்ளலாம். முடியவில்லை.

மூன்றரைக் கோடி அளவிலான முஸ்லிம்கள் இந்தியாவிலேயே இருந்தார்கள். யாருடைய அச்சத்துக்காகப் பிரிவினை கேட்கப்பட்டதோ, அவர்களில் பெரும் பகுதியினர் முன்னரைவிடச் சிறிய சிறுபான்மையானார்கள்.

மதம் ஒன்றே போதும் என்று உருவான பாகிஸ்தானில் மொழி குறுக்கிட்டது. 1952 பெப்ரவரி 21 ஆம் திகதி வங்காள மொழிக்காக டாக்காவில் மாணவர்கள் உயிர் நீத்தனர். 1971 இல் யுத்தம் மூண்டு பங்களாதேஷ் பிறந்தது. இரு தரப்பிலும் பெரும்பாலோர் முஸ்லிம்கள். அந்தப் பிரிவினையும் தனக்குரிய அநாதைகளை உண்டாக்கியது. 1947 இல் பீகாரிலிருந்து கிழக்குப் பாகிஸ்தானுக்கு ஓடிவந்த உருது பேசும் முஸ்லிம்கள், 1971 க்குப் பிறகு எந்த நாட்டுக்கும் உரியவர்களாக இல்லாமல் டாக்காவின் முகாம்களில் முடங்கினார்கள். அவர்களின் பிரசாவுரிமையை பங்களாதேஷ் உயர் நீதிமன்றம் 2008 இல்தான் உறுதிசெய்தது. இந்தியாவின் பங்காகக் கிடைத்த பஞ்சாபும் 1966 இல் மொழிவாரியாக மீண்டும் பிரிந்து ஹரியானா உருவானது.

கூச் பிஹார் எல்லையில் இருந்த திட்டு நிலங்கள் இன்னொரு வேடிக்கை. இந்தியாவுக்குள் பங்களாதேஷின் 51 துண்டுகள், பங்களாதேஷுக்குள் இந்தியாவின் 111 துண்டுகள். ஓரிடத்தில் பங்களாதேஷுக்குள் ஓர் இந்தியத் திட்டு, அதற்குள் பங்களாதேஷ் திட்டு, அதற்குள் மீண்டும் ஓர் இந்திய வயல் துண்டு! பார்ப்பவருக்கு வேடிக்கை. அங்கு வாழ்ந்தவர்களுக்கோ பாடசாலை, வைத்தியசாலை, வாக்குரிமை எதுவும் ஒழுங்காக இருக்கவில்லை. 2015 ஒகஸ்ட் 1 ஆம் திகதி முதல் இவை பரிமாறிக்கொள்ளப்பட்டன.

எதிர்வாதமும் பதிலும்

"பிரிவினை வெற்றியடைந்த இடமே இல்லையா?" என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. செக்கோஸ்லோவாக்கியா 1993 ஜனவரி 1 ஆம் திகதி ஓர் உயிரும் போகாமல் இரண்டு நாடுகளானது. ஆனால் அங்கு செக் மக்களும் ஸ்லோவாக் மக்களும் ஏற்கெனவே பெருமளவு தனித்தனிப் பகுதிகளில் வாழ்ந்தார்கள். இரு குடியரசுகளுக்கும் இடையே எல்லை முன்னரே இருந்தது. இரு தரப்பு அரசுகளும் இணங்கின. நான் மேலே சொன்ன சிக்கல்களில் பெரும்பாலானவை அங்கு இருக்கவில்லை. மறுபுறம், தென் சூடான் மக்கள் 2011 இல் நூற்றுக்கு 98 வீதத்துக்கு மேல் வாக்களித்துத் தனி நாடானார்கள். 2013 டிசம்பரில் அந்தப் புதிய நாட்டுக்குள்ளேயே உள்நாட்டு யுத்தம் தொடங்கியது.

"கொலைகள் நடக்கும்போது பிரிப்பதைத் தவிர வேறென்ன செய்வது?" என்பது இன்னும் கடினமான கேள்வி. இதற்கு அயர்லாந்து ஓரளவு விடை தருகிறது. 1921 இல் அயர்லாந்து பிரிக்கப்பட்டபோது வட அயர்லாந்துக்குள் மூன்றில் ஒரு பங்கினர் கத்தோலிக்கர். தவறான பக்கத்தில் விடப்பட்ட அவர்களின் குறைகள் முற்றி, 1960 களின் இறுதியில் தொடங்கிய மோதலில் 3,500 பேர் வரை இறந்தனர். 1998 ஏப்ரல் 10 ஆம் திகதி செய்யப்பட்ட உடன்படிக்கை எல்லையை நகர்த்தவில்லை. இரு சமூகங்களும் ஆட்சியைப் பகிர்ந்துகொள்ள வழி செய்தது. அங்கு பிறந்த ஒருவர் தம்மை ஐரிஷ்காரர் என்றோ பிரித்தானியர் என்றோ இரண்டும் என்றோ அழைத்துக்கொள்ளலாம் என்று ஏற்றுக்கொண்டது. கோட்டை அழிக்காமல் அதன் கூர்மையை மழுக்கினார்கள்.

எமக்கும் இதற்கும் உள்ள தொடர்பு

இந்த விடயம் எனக்கு வெறும் பரீட்சை வினா அல்ல. எனது உம்மா யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் பிறந்தவர். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்த முஸ்லிம்கள் அனைவரும் ஆயுததாரிகளால் வெளியேற்றப்பட்டபோது அவருக்குப் பதினொரு வயது. யாழ் நகரத்தவருக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். எமது உம்மும்மா இருந்த உடுப்போடு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு புத்தளம் வந்து சேர்ந்தார். "அங்க நாங்க சோனகர், இங்க நாங்க அகதி" என்று உம்மா சொல்வார். அவரது யாழ்ப்பாணத் தமிழைக் கேட்டுப் புத்தளத்துப் பிள்ளைகள் சிரித்தார்களாம். மார்க்கம் ஒன்றாக இருந்தால் மற்றதெல்லாம் தானாக ஒன்றாகிவிடும் என்பது உண்மையல்ல என்று எனக்கு முதலில் விளங்கியது இந்தக் கதையிலிருந்துதான்.

இப்படி அனுபவித்தவர்கள் நாம் மாத்திரமல்லர். 1958, 1983 கலவரங்களில் தென்னிலங்கைத் தமிழர்கள் கப்பலேற்றி வடக்குக்கு அனுப்பப்பட்டார்கள். வடக்கில் வாழ்ந்த சிங்களவர்களும் வெளியேறினார்கள். ஒரு நிலம் ஓர் இனத்துக்கு மாத்திரமே உரியது என்ற எண்ணம் வந்துவிட்டால், வரைபடத்தில் கோடு இல்லாமலே பிரிவினை நடந்துவிடுகிறது.

2012 குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் இஸ்லாத்தைப் பின்பற்றுவோர் 9.7 வீதம். நாம் கிழக்கில் இருக்கிறோம், மன்னாரில் இருக்கிறோம், கண்டியிலும் கொழும்பிலும் காலியிலும் இருக்கிறோம். எவர் எங்கே கோடு கீறினாலும் எம்மில் ஒரு பகுதியினர் ஏதோவொரு தவறான பக்கத்தில் நிற்போம். புத்தளம், நீர்கொழும்புக் கரையோரத்தில் இன்று சிங்களம் பேசும் கத்தோலிக்கக் குடும்பங்கள் பலவற்றில் பாட்டன், பாட்டி காலத்தில் தமிழ் பேசினார்கள். அவர்களை எந்தப் பக்கத்தில் எண்ணுவது?

ஆகவே, நாட்டைப் பிரிப்பதே தீர்வு என்று எவராவது சொன்னால் அவரிடம் நான் நான்கு கேள்விகள் கேட்பேன். எந்த அலகை வைத்துப் பெரும்பான்மையை எண்ணுவீர்கள்? வாய்க்காலின் மதகு எந்தப் பக்கம் இருக்கும்? தவறான பக்கத்தில் அகப்படுபவர் அங்கேயே வாழ விரும்பினால் அவரை யார் காப்பார்கள்? உங்கள் புதிய நாட்டுக்குள் நாளை இன்னொரு சிறுபான்மையினர் இதே கோரிக்கையோடு வந்தால் என்ன சொல்வீர்கள்?

இவற்றில் மூன்றாவது கேள்விக்கு நேர்மையான பதில் சொல்லக்கூடிய ஒரு நாட்டில், அதாவது சிறுபான்மையினர் தாம் வாழும் இடத்திலேயே அச்சமின்றி வாழக்கூடிய ஒரு நாட்டில், பிரிவினை கேட்கும் தேவையே பெரும்பாலும் எழாது. அந்தப் பதிலைக் கோடு கீறுவதற்கு முன்னரே தேட வேண்டும். பெரும்பான்மையாக இருப்பவர்களுக்கே அதில் முதற் பொறுப்பு உண்டு. நாம் பெரும்பான்மையாக வாழும் ஊர்களில் அந்தப் பொறுப்பு எம்முடையதாகும்.